செசிலி உருட்டிய குடங்கள்

போனைப் பிடுங்கி வெச்சதுக்கு என்னை என்ன சொன்ன, ஈவிரக்கமில்லாத அம்மாவா? நல்லாத்தான் தமிழ் படிக்கிறடி வினோலியா. படு. அந்த வார்த்தைக்கு ஒரு கதை சொல்றேன். நீ "ம்" கொட்டணும், குறுக்கே பேசக்கூடாது.

"ம்."

ஒரு தெருவுல ஒரு தண்ணி லாரி வந்துட்டிருந்துச்சு. மூணு நாளைக்கு ஒருக்காதான் அதுக்கு அந்தத் தெரு ஞாபகம் வரும். அதனால பொம்பளைங்க காலையிலேயே குடத்தை வரிசையில நிறுத்திட்டு காபி குடிக்கப் போயிடுவாங்க. குடம் நின்னா ஆள் நின்ன மாதிரி. ஆனா வீட்டுக்கு ரெண்டு குடம்தான். அதைக் காவல் காக்க செசிலின்னு ஒருத்தி. மூணாவது குடத்தைப் பார்த்தா காலால ஒரு எத்து, டணங். தெருவே அவளுக்கு வெச்ச பேரு, ஈவிரக்கமில்லாதவ.

"ம்."

அப்போ பூவிழின்னு ஒருத்தி புதுசா குடிவந்தா. கையில பத்து நாள் குழந்தை. குடத்தை முன்னாடியே வெக்கணும்னு அவளுக்கு ஒருத்தரும் சொல்லலை. தெரு அவ்வளவு அன்பு. கடகடன்னு லாரி வந்தப்புறம்தான் குடத்தோட ஓடி வந்தா. வீட்ல சொட்டுத் தண்ணி இல்லை. இன்னிக்கு விட்டா இன்னும் மூணு நாள்.

முதல்ல நின்ன சுகந்தியக்காவைக் கேட்டா. "அய்யோ, பச்ச உடம்புக்காரி"ன்னு முந்தானையால கண்ணைத் துடைச்சுக்கிட்டா. குடத்தை மட்டும் நகர்த்தலை. அப்புறம் கோமளா மாமியைக் கேட்டா. "உனக்காக வேண்டிக்கறேம்மா"ன்னா மாமி. ஆமா, சாமி வந்து லாரி ஓட்டும்.

"ம்."

தூங்கிடாத, முக்கியமான இடம். அப்புறம் மூணாவதா செசிலி. "தூங்கிட்டு வந்து நின்னு என்ன அழுகை?"ன்னா. அப்படியே வரிசையை ஒரு பார்வை பார்த்தா. சுகந்தி வீட்டுக் குடம் நாலு, மாமி வீட்டுது மூணு. டணங். டணங். டணங். மூணு குடமும் உருண்டுபோய் சாக்கடை ஓரத்துல நின்னுச்சு. "இங்க வை. ரெண்டுதான், சொல்லிட்டேன்."

பூவிழி குடத்துல தண்ணி சலசலன்னு நிறைஞ்சுது. சுகந்தியும் மாமியும் செசிலியைப் பார்த்து என்ன சொன்னாங்க?

"ஈவிரக்கமில்லாதவ."

அதேதான். ஈவுன்னா குடுக்கறது, இரக்கம்னா பாவம் பாக்கறது. இப்ப சொல்லு, அந்தப் பேரு யாருக்கு?

"...அம்மா, தாகமா இருக்கு."

தெரியும். தலைமாட்டுல சொம்பு இருக்கு, அப்பவே வெச்சுட்டேன். குடிச்சுட்டுப் படு. லாரி போயாச்சு, கதையும் அதுலயே ஏறிப் போயாச்சு. போன் கிடைக்காது. கண்ணை மூடு.