குறி கோணிய துப்பாக்கி

எங்க ஊர் ரைஃபிள் கிளப்பில் கோதண்டம்தான் சேம்பியன். புதுசாக யாராவது வந்தாலே, தன்னை மிஞ்சிவிடுவார்களோ என்று அவருக்கு வயிறு எரியும். குறி பார்க்கும் முனை கோணிய துப்பாக்கியாகப் பார்த்துக் கொடுப்பார். வந்தவர்கள் மறுவாரம் வரமாட்டார்கள்.

இசக்கி என்ற பெண் மட்டும் விடாமல் வந்தாள். தோழிகளையும் கூட்டிவந்தாள். கோதண்டத்துக்குத் தாங்கவில்லை.

கிளப் தலைவர் வந்த நாளில் கோதண்டம் இசக்கியிடம், "ஏட்டி, நடு வட்டத்துல அடி. இல்லன்னா எல்லாவளும் நடையைக் கட்டுங்க" என்றார்.

"ஒரு தடவ நீங்க சுட்டுக் காட்டுங்க சார், பாத்துக்கிடுதேன்" என்று தன் கையிலிருந்த துப்பாக்கியை நீட்டினாள் இசக்கி.

"இதுலயா? முனை கோணிக் கெடக்கு, இதுல எவன் அடிப்பான்?"

"எங்களுக்குக் குடுக்கையில நல்லாத்தான இருந்துச்சு சார்?"

தோழிகள் சிரித்துவிட்டார்கள். தலைவர் சிரிக்கவில்லை. நல்ல துப்பாக்கி கொண்டுவரச் சொன்னார். தூக்கிவந்தவர் கோதண்டம்தான்.