கிணத்தடி விளக்கும் கெக்கி சேட்டும்

பம்பாயில கெக்கி பத்தர்வாலான்னு ஒரு பார்சி சேட் இருந்தான். 'இருந்தார்'னு சொல்லலாம்தான், நாக்கு வரமாட்டேங்குது. பாதி ஊரு அவன் கட்டினது, மீதி ஊர்ல அவனுக்குப் பங்கு. அவன் கட்டின பில்டிங்கெல்லாம் மழைக்கு ஒழுகும். குடியிருக்கிறவங்க தார்ப்பாய் வாங்க ஓடுவாங்க. அந்தத் தார்ப்பாய்க் கம்பெனியில பங்கு வாங்கிப் போட்டிருந்ததும் அவன்தான். கேட்டா 'இன்வெஸ்ட்மெண்ட்'ம்பான். என் நாத்தனார் அவன் பில்டிங்லதான் இருந்தா. புருஷன் சாப்பிடும்போதுகூடக் குடை பிடிச்சாருன்னு சொல்லுவா. அவ கொஞ்சம் கூட்டித்தான் சொல்லுவா, அதை விடுங்க.

பக்திக்கு மட்டும் குறைச்சல் இல்ல. பார்சிக்காரங்களுக்கு நெருப்பு அவ்வளவு புனிதம். வாயால ஊதி அணைச்சா பாவம். கெக்கி வீட்டுக் கேக்குல மெழுகுவத்தியை ஊதவே விடமாட்டான், பேரன் கத்தி அழுதாலும் சரி. அது தானா எரிஞ்சு முடியிறதுக்குள்ள கேக்கு பூரா மெழுகாயிரும். அதைத்தான் வந்தவங்க 'பேஷ் பேஷ்'னு தின்னுட்டுப் போகணும். தின்னு முடிக்கிறதுக்குள்ள ஒரு பெருமை வேற பேசுவான்.

"எங்க கோயில் நெருப்பு எத்தனை தலைமுறை நெருப்பு தெரியுமா? சண்டை வந்தப்ப மலைக்குத் தூக்கிட்டுப் போனாங்க. அப்புறம் காட்டுக்கு, அப்புறம் வேற ஊருக்கு. பாத்திரம் மாறும், கட்டை மாறும். நெருப்பு அதே நெருப்பு!"

அந்தக் கோயிலுக்குச் சந்தனக்கட்டை குடுத்தவன்னு சலவைக்கல்லுல பேரும் வெட்டி வெச்சுக்கிட்டான். குடும்பம் குடும்பமா ஜனங்களைத் தெருவுல தள்ளுறவனுக்கு மெழுகுவத்தி மேல எம்புட்டு இரக்கம் பாருங்க.

இவனுக்கு ஜெர்பாய்னு ஒரு அத்தை. அதே ரத்தம்தான், ஆனா தங்கமான மனுஷி. மாட்டுங்கா பக்கம் அவளுக்கு ஒரு பழைய வீடு. குடியிருந்ததெல்லாம் நம்ம திருநெல்வேலிக்காரங்க. முற்றத்துல ஒரு கிணறு. கிணத்தடியில கண்ணாடி டம்ளர்ல தண்ணி ஊத்தி, மேல எண்ணெய் விட்டு, திரியை மிதக்கவிட்டு ஒரு விளக்கு ஏத்தி வெச்சிருந்தா. கிணத்தையும் அவங்க கும்பிடுவாங்க. அவளுக்கு உடம்பு முடியாமப் போனதும் கீழ் வீட்டுல இட்லி போட்டு வித்த ஆவுடையம்மா அந்த விளக்கைப் பாத்துக்கிட்டா.

சாகக் கிடந்தப்ப ஜெர்பாய் கெக்கியைக் கூப்பிட்டா. "வீடு உனக்குத்தான் வரும். ஆனா கிணத்தடி விளக்கு எரியிற வரைக்கும் இதை இடிக்க மாட்டேன், ஒருத்தரையும் கிளப்ப மாட்டேன்னு நெருப்பு மேல சத்தியம் பண்ணு."

பண்ணினான். பம்பாய் மழைக்கு ஒரு டம்ளர் விளக்கு தாங்குமாங்கிற நினைப்பு. ஆவுடையம்மா அது மேல தகரத்தைக் கவுத்தி, நேரத்துக்கு எண்ணெய் விட்டு, மழை முடியிற வரைக்கும் காப்பாத்திட்டா. அது அணைஞ்சா அவளுக்கும் அங்க இருந்த அத்தனை பேருக்கும் போக்கிடம் இல்ல.

கெக்கிக்குப் பொறுக்கல. தன் கையால அணைச்சா பாவம். அடுத்தவனை விட்டு அணைச்சா? அந்தப் பாவத்தை அந்த அடுத்தவன் சுமக்கட்டும்! பெரிய மனுஷன் புத்தி இப்படித்தான் போகும்.

தளவாய்னு ஒரு மேஸ்திரி அவன்கிட்ட இருந்தான். சேட் தும்மினாலும் "ஹாங் சேட்"ம்பான். அவன் இந்தி அந்த 'ஹாங்'கோட சரி. அவனைக் கூப்பிட்டு கெக்கி மெதுவாச் சொன்னான், "தியா படா தோ."

இங்க ஒண்ணு சொல்லணும். நாம 'விளக்கை அணை'ன்னு சொல்லமாட்டோம், 'குளிர வை', 'மலையேத்து'ம்போம் இல்லையா? அங்க 'தியா படா தோ'ம்பாங்க. வார்த்தைப்படி பாத்தா விளக்கை வளர்த்துடுன்னு வரும், உள் அர்த்தம் அணைச்சிடுங்கிறதுதான். தளவாய் என்னத்தைக் கண்டான்? படான்னா பெரிசு, அம்புட்டுதான் அவனுக்குத் தெரியும்.

"ஹாங் சேட்"னுட்டு, தார் காய்ச்சுற பெரிய டிரம்மை உருட்டிட்டு வந்தான். உள்ள கட்டையை அடுக்கி, டம்ளர் விளக்குலேயே ஒரு குச்சியைப் பத்தவெச்சு டிரம்முக்குள்ள போட்டான்.

"ஏலே தளவாய், என்னல பண்ணுத?"ன்னு ஆவுடையம்மா ஓடி வந்தா.

"சும்மா இருங்க மதினி. சேட்டுக்குப் பக்தி முத்திட்டு. விளக்கைப் பெரிசாக்கச் சொல்லிட்டாரு."

மறுநாள் காலையில கெக்கி கடப்பாரை ஆளுங்களோட வந்து இறங்குறான். கிணத்தடியில ஆளுயரத்துக்குத் தீ!

"கதே!"ன்னு கத்தினான். கழுதைன்னு அர்த்தம். அதுக்கும் தளவாய் "ஹாங் சேட்" தான்.

அப்பத்தான் கெக்கி கண்ணுல அந்த டம்ளர் பட்டுது. டிரம் சூட்டுல விரிசல் விட்டு, எண்ணெய் ஒழுகி, திரி கருகிக் கிடந்தது. வாயெல்லாம் பல்லு அவனுக்கு.

"அத்தை சொன்ன விளக்கு இதுதான். அணைஞ்சு போச்சு. நானும் அணைக்கல. டிரம்முல இருக்கிறது மேஸ்திரி மூட்டின குப்பைத் தீ. வீட்டைக் காலி பண்ணுங்க!"

ஆவுடையம்மா நகரல. "டம்ளருல இருந்ததுதான சேட் டிரம்முக்குப் போச்சு? விளக்கு இடம் மாறிட்டு, அணையல."

ஒரு பக்கம் கடப்பாரை ஆளுங்க, ஒரு பக்கம் சட்டி பானையோட ஜனங்க. இப்ப நீங்க சொல்லுங்க. விளக்கு அணைஞ்சுதா, அணையலையா? வீடு இடிபடணுமா, நிக்கணுமா?

யோசிச்சாச்சா? பதிலைச் சேட்டே கேக்கு தின்னவங்ககிட்டல்லாம் சொல்லிட்டானே! ஆவுடையம்மா ஒண்ணே ஒண்ணு கேட்டா: "மலைக்கும் காட்டுக்கும் பாத்திரம் மாறிப் போன உங்க கோயில் நெருப்பு பழைய நெருப்பா, புது நெருப்பா?" புதுசுன்னா கோயிலையே பழிச்சதாகும், சலவைக்கல்லுல பேரு வேற இருக்கு. பழசுன்னா வீடு நிக்கணும். கெக்கி கடப்பாரை ஆளுங்களைக் கிளம்பச் சொல்லிட்டுக் காருல ஏறிட்டான். அவ டிரம்முல இருந்து திரியைக் கொளுத்தி வேற டம்ளர்ல வெச்சுக்கிட்டா. அப்புறம் வயித்தெரிச்சலுக்குப் பக்கத்துலயே பெரிய பில்டிங் கட்டி, உச்சி மாடியில குடியேறினான் கெக்கி. முதல் மழைக்கே கரண்ட் போச்சு, தீப்பெட்டியெல்லாம் நமுத்துப் போச்சு. வேற வழியில்லாம மெழுகுவத்தியை எடுத்துக்கிட்டுக் கிணத்தடிக்கு இறங்கி வந்தான். ஆவுடையம்மா பத்தவெச்சுக் குடுத்துட்டுக் கேட்டா: "கொண்டுபோங்க சேட். மேல போனப்புறம் இது எந்த நெருப்பு?"