யானைச் சறுக்கும் இன்னும் ஒரு நெல்லும்

அந்தக் காலத்தில் எறும்புகள் மனம்போன பக்கமெல்லாம் சிதறி ஓடிக்கொண்டிருந்தன. வரிசையாவது ஒன்றாவது! அப்போது குளத்தங்கரையில் கொம்பன் என்றொரு யானை படுத்திருக்கும். அதன் வாலைப் பிடித்து ஏறி, முதுகில் நடந்து, தும்பிக்கை வழியே சறுக்கித் தொபுக்கென்று மணலில் விழலாம். அந்தச் சுகம் இருக்கிறதே, அடடா! கட்டணம் ஒரே ஒரு நெல். வாலுக்குப் பக்கத்தில் நின்று அதை வசூல் செய்வது ஒரு மைனா.

சுருளி என்ற எறும்பு தன் மகள் கடுகிடம், "மழைக்கு முன்னால உன்னை ஒரு தடவை சறுக்க வைக்கிறேன்" என்று வாக்குக் கொடுத்திருந்தாள். கடுகுக்கு மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை, அதே பேச்சுதான். வானம் வேறு கறுத்துக்கொண்டு வந்தது. சுருளி ஒரு நெல்லைத் தூக்கிக்கொண்டு மகளோடு போய் நின்றாள்.

"ரெண்டு நெல்" என்றது மைனா.

"நேத்து ஒண்ணுதானேக்கா?"

"நேத்து பத்துப் பேர் வந்தாங்க. இன்னைக்கு இருபது பேர். யானை ஒண்ணுதானே இருக்கு, நான் என்ன குட்டியா போட முடியும்?"

இன்னொரு நெல் எடுக்கப் போனால் பிடித்த இடம் போய்விடுமே! சுருளி தன் அக்காவைக் கூப்பிட்டு நிற்க வைத்தாள். அக்கா தனியாகவா வருவாள்? எட்டுப் பிள்ளைகளோடு வந்து நின்றாள். சுருளி திரும்பியபோது மைனா வரிசையை எண்ணிப் பார்த்துவிட்டு, "மூணு" என்றது. மறுபடி ஓட்டம். இந்த முறை சித்தி, அத்தை, அத்தையின் நாத்தனார் என்று ஆள் நிறுத்திவிட்டுப் போனாள். மூச்சிரைக்க வந்தால் ஐந்து நெல்!

"அடுக்குமா உனக்கு?" என்று கத்தினாள் சுருளி.

"வரிசையைப் பாரும்மா, உங்க புற்று வரைக்கும் நிக்குது. கூட்டம் கூடினா விலையும் கூடத்தான் செய்யும்."

சுருளி திரும்பிப் பார்த்தாள். நின்றதில் முக்கால்வாசி அவள் சொந்தக்காரர்கள்! "பாவி, நானே ஏத்திவிட்டேனே!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். போகச் சொன்னாலும் யார் போவார்கள்? இடம் பிடிக்க வந்தவர்களுக்கெல்லாம் இப்போது சறுக்கும் ஆசை வந்துவிட்டது.

கடுகுக்குப் பொறுமை போய்விட்டது. வால் பக்கம்தானே நெல் கேட்கிறார்கள் என்று தும்பிக்கைப் பக்கம் போனாள். அங்கே வாசல் திறந்துதான் கிடந்தது. விறுவிறுவென்று உள்ளே ஏறிவிட்டாள்.

கொம்பன் போட்ட தும்மலில் குளமே கலங்கியது. கடுகு பறந்துபோய் ஆலமரத்து இலையொன்றில் விழுந்தாள். சுருளிக்குப் பாதி உயிர் போய்விட்டது. "ஐயோ என் தங்கமே!" என்று அலறிக்கொண்டு மரமேறினால், மகள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, இன்னொரு தடவை!"

கொம்பனோ, "ஆளை விடுங்க சாமி!" என்று காட்டுக்குள் ஓடியே போய்விட்டது. வரிசை மட்டும் கலையவில்லை. கடுகு பறந்ததைப் பார்த்த பிறகு எந்த எறும்புதான் வீட்டுக்குப் போகும்? மைனா காலியான இடத்தைப் பார்த்தது, வரிசையைப் பார்த்தது, தொண்டையைச் செருமிக்கொண்டு "பத்து நெல்" என்றது.

அன்று முதல்தான் எறும்புகள் தானியத்தைத் தூக்கிக்கொண்டு வரிசையில் போகின்றன. எதிரே வருபவளைத் தலையோடு தலை முட்டி நிறுத்தி, "இப்போ எவ்வளவுடி?" என்று கேட்கின்றன. அவளும் "இன்னும் ஒண்ணு கூட்டிட்டாங்கடி!" என்று சொல்லிவிட்டு, அதை எடுத்துவர வீட்டுக்கு ஓடுகிறாள்.