கழுத்தில் கசிந்த ஆவி

செங்கம் பக்கத்து மடம் ஒன்றில் நீராவியில்தான் சோறு வேகும். அங்கே கொதிகலனைக் கவனித்தவர் திருவம்பலம். சர்க்கரை ஆலையில் காலமெல்லாம் பாய்லர் பார்த்தவர். ஓய்வு பெற்றதும், தம்மைவிட இளையவரான மடத்துச் சாமியிடம் சீடராகச் சேர்ந்துவிட்டார். இருவருக்கும் அப்படியொரு பிரியம்.

ஒருநாள் காலை அவருடைய தங்கை பொன்மயில், மகள் கல்யாணப் பத்திரிகையோடு வாசலில் வந்து நின்றாள். அம்மா சாகக் கிடந்தபோது அவள் தமக்குச் சொல்லியனுப்பவில்லை என்று திருவம்பலம் அவளோடு பேச்சை விட்டு வருஷக்கணக்காகிறது. முகத்தைத் திருப்பிக்கொண்டு சமையல்கட்டுக்குப் போய்விட்டார். அவளும் இந்த அண்ணனுக்குத் தங்கைதானே. கையில் கொடுக்காமல் நகரமாட்டேன் என்று நின்றுவிட்டாள்.

சாமி உள்ளே வந்தபோது, திருவம்பலம் தாம் முந்தின நாள் ஆவிக் குழாயில் அவசரத்தில் மாட்டிய குளோப் வால்வோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். சக்கரத்தை இறுக மூடியும், தண்டு நுழையும் கழுத்தில் ஆவி கசிந்தது. கழுத்து நட்டை முறுக்க முறுக்க சக்கரம்தான் திரும்ப மறுத்தது, கசிவு நின்றபாடில்லை.

இது எப்படி வேலை செய்கிறது என்று சாமி கேட்டார்.

தொழிலைப் பற்றிக் கேட்டால் போதும், மனிதருக்கு முகம் மலர்ந்துவிடும். வால்வின் உருண்டை வயிற்றுக்குள் ஒரு தடுப்பு, தடுப்பில் ஒரு துளை. சக்கரத்தைத் திருப்பினால் தண்டு இறங்கி, நுனியிலுள்ள தட்டு துளைமேல் உட்காரும். ஆவி அடியிலிருந்து வர வேண்டும். மூடியதும் அழுத்தம் தட்டுக்குக் கீழேயே நின்றுவிடும், கழுத்துக்கு நிம்மதி என்றார்.

"மாத்தி வந்தா?"

"மூடினாலும் அழுத்தம் மேலேயே நிக்கும் சாமி. கழுத்துதான் தாங்கணும்."

சொன்னவர் வால்வின் மேலிருந்த அம்புக்குறியைப் பார்த்தார். திசை மாற்றி மாட்டியிருந்தார். அசடு வழியச் சிரித்தார்.

சாமியும் சிரித்துவிட்டு, வாசலில் நிற்பவளைப் பற்றிக் கேட்டார்.

"அதை அன்னிக்கே மூடிட்டேன் சாமி. ஆனா அவ பேரை யாராவது சொன்னாலே தொண்டையை அடைக்குது. ஏன்?"

சாமி வால்வைக் காட்டினார். "இதைத் திருப்பி மாட்ட முதல்ல என்ன செய்யணும்?"

"குழாய்ல நிக்கிற ஆவியை வெளிய விடணும்."

"எப்படியும் இன்னிக்குச் சோறு லேட்டாகும். அதுவரைக்கும் வாசல்ல போய் ஆசை தீரத் திட்டுங்க. அப்புறம் தங்கச்சியைக் கையோட சாப்பிடக் கூட்டிட்டு வாங்க."