மடியாத பலகை

மகளின் நிச்சயதார்த்தத்துக்காகப் புதுச்சேரியிலிருந்து பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர் நகருக்கு வந்து இறங்கினார் பொன்னுரங்கம். கூடவே மைத்துனர்கள் அழகேசனும் தெய்வநாயகமும். மூவருக்கும் சேர்த்து ஒரு மூளை இருந்தது. அதையும் யாரும் கையோடு எடுத்துவரவில்லை.

ஞாயிறு நாலரைக்கு இராகு காலம். அதற்குள் பக்கத்துத் தெருவில், மாப்பிள்ளை வீட்டில் தாம்பூலம் மாற்றியாக வேண்டும். மகள் இந்துமதி அவர்களை மதியமே அந்த அல்சாஸ் வட்டாரத்துச் சாப்பாடு போடும் முந்நூறு வருஷத்து உணவகம் ஒன்றில் உட்காரவைத்தாள்.

"அப்பா, கடைக்காரங்ககிட்ட வாயைத் திறக்காதீங்க. நம்ம ஊர் பந்தி மாதிரி மரியாதையா சாப்பிட்டுட்டு வாங்க."

உள்ளே புளித்த முட்டைக்கோஸ் வாசனை.

"கோஸ் ஊசிப்போச்சு, மச்சான்."

"முந்நூறு வருஷக் கடைடா. ஊசாம இருக்குமா?"

வெங்காயமும் பாலேடும் பரப்பிய மெல்லிய ரொட்டி மரப்பலகையில் வந்தது. பரிமாறுகிறவர் பார்க்கும்போதெல்லாம் மூவரும் வாயை இறுக மூடிக்கொண்டார்கள். அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் தின்றார்கள். போதும் என்று சொல்லும்வரை பலகை காலியானால் அடுத்தது வரும். அது அந்தக் கடையின் வழக்கம். எட்டாவது பலகையில் பொன்னுரங்கத்தின் பெல்ட் அறுந்தது. மணி நாலு.

"கிளம்பலாம், மச்சான்."

"இலையை மடிக்காம எப்படிடா எழுந்திருக்கிறது?"

"இது பலகையாச்சே!" என்றான் தெய்வநாயகம்.

அழகேசன் அதை முட்டியில் வைத்து அழுத்தினான். முட்டிதான் மடிந்தது.

இந்துமதி ஓடிவந்தாள். பின்னால் சம்பந்தி; அவருக்குக் கதவு மாட்டும் தொழில்.

"எல்லாரும் காத்திருக்காங்கப்பா!"

"பலகை மடியலையேம்மா." பொன்னுரங்கத்துக்குக் கண் கலங்கியது. சம்பந்தம் கைநழுவிவிடும் போலிருந்தது.

சம்பந்தி பலகையைத் தட்டிப் பார்த்தார். "நியாயம்தானே? மடிக்காம எழுந்தா சாப்பாடு பிடிக்கலைன்னு ஆயிடும்."

இந்துமதி தலையில் கைவைத்துக்கொண்டாள்.

சம்பந்தி காரிலிருந்து ரம்பமும் கீலும் கொண்டுவந்தார். பலகை இரண்டானது, நடுவில் கீல் ஏறியது. கடைக்காரம்மாள் ஓடிவந்து அலறினாள். மூவரும் வாயைத் திறக்கவில்லை.

அவசரத்தில் பொன்னுரங்கம் வெளிப்பக்கமாக மடித்துவிட்டார். கீல் இறுகிக்கொண்டது.

"ஐயோ, அது சாவு வீட்டு மடிப்பு!" என்றான் தெய்வநாயகம்.

சம்பந்தியோடு சேர்ந்து நால்வரும் யோசித்தார்கள். பிறகு எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்தார்கள். இப்போது மடிப்பு அவர்கள் பக்கம். மணி நாலு இருபது.

பரிமாறுகிறவருக்கு வழக்கம் வழக்கம்தான். எதிர்ப்பக்கம் புதிதாக நாலு பேர் உட்கார்ந்திருப்பதைக் கண்டார். நாலு பலகை கொண்டுவந்தார்.

சம்பந்தி சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

"நீங்க சாப்பிட ஆரம்பிங்க, சம்பந்தி. நான் அறுக்க ஆரம்பிக்கிறேன்."