நன்றாக இருக்கிறேன், மேடம்

அலபாமாவில் பருத்தி விளையும் ஊர் ஒன்றில் ஆர்லெத்தா என்ற கறுப்பின மருத்துவச்சி இருந்தார். அவர் வந்தபின் அங்கே கறுப்பினத் தாய்மார் பிள்ளைப்பேற்றில் சாவது அரிதாயிற்று. அரிது என்றால் இல்லை என்று பொருளல்ல.

அவரிடம் தொழில் கற்றவர் வெல்மா. குருவைவிடச் சிஷ்யைக்கு வயது கூடுதல் என்பதால் மரியாதை இரு பக்கமும் தாராளமாக ஓடியது.

ஜொனெல் என்ற இளம் தாயைப் புதைத்த அன்று வெல்மா தன் மருத்துவச்சிப் பையைக் கொண்டுவந்து குருவின் மேசைமேல் வைத்தார். இனி இந்த வேலை வேண்டாம் என்றார். பிள்ளை பெற்றவளைப் போய்ப் பார்த்து, எப்படி இருக்கிறாய் என்று கேட்டாராம். நன்றாக இருக்கிறேன், மேடம் என்றாளாம். இலக்கணப்படி அது விடை. அந்த ஊர் வழக்கில் வெறும் வணக்கம். மறுநாள் வலிப்பு கண்டு இறந்துபோனாள். பிள்ளை பெற்றதிலிருந்தே வலிப்புக்கு முன்னறிகுறியாகத் தலைவலி அவள் மண்டையைப் பிளந்துகொண்டிருந்ததாம். கணவன் பிறகு சொன்னான்.

"முதல் பேற்றின்போது ஆஸ்பத்திரியில் அவள் வலிக்கிறது என்றதற்கு, கறுப்பர்கள் நீங்கள்தான் எதையும் தாங்குவீர்களே என்று வெள்ளைக்கார நர்ஸுகள் சிரித்தார்களாம். அவர்களிடம் சொல்லாமலிருந்தால் அது நியாயம். நானும் அவள் நிறம்தானே, மிஸ் ஆர்லெத்தா? என்னிடம் ஏன் சொல்லவில்லை?"

ஆர்லெத்தா வெல்மாவை எதிரே உட்காரவைத்தார். சாய்ந்தாடும் நாற்காலியை நெருக்கமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அதன் வளைந்த கட்டை வெல்மாவின் பாதத்தின்மேல் ஏறியது. குரு கவனித்ததாகத் தெரியவில்லை. மழையைப் பற்றிப் பேசினார். தேவாலயப் பாடகர் குழுவில் யாருக்குச் சுருதி சேரவில்லை என்று விரிவாகச் சொன்னார்.

"சௌகரியமாக இருக்கிறீர்களா, மிஸ் வெல்மா?"

"இருக்கிறேன், மேடம்."

நாற்காலி ஆடியது. தாயில்லாத அந்தக் குழந்தை பால் குடிக்கிறதா என்று குரு விசாரித்தார். குடிக்கிறது என்றார் வெல்மா. நெற்றியில் வியர்வை அரும்பியிருந்தது.

"சௌகரியம்தானே?"

"பரவாயில்லை."

மூன்றாம் முறையும் கேட்டுவிட்டு, ஆர்லெத்தா பேச்சை நிறுத்தி வெல்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வலிக்கிறது," என்றார் வெல்மா.

ஆர்லெத்தா எழுந்து நாற்காலியை நகர்த்தினார். தரையில் அமர்ந்து, கன்றிப்போன பாதத்தை மடியில் எடுத்து வைத்துத் தடவிக்கொடுத்தார்.

"நீங்கள் சொல்லும்வரை நான் உட்கார்ந்திருந்தேன். ஜொனெல் பக்கத்தில் நீங்கள் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தீர்கள்?"

வெல்மா அன்று ஜொனெல் வீட்டு வாசலில் நின்றபடியே கேட்டுவிட்டுத் திரும்பியிருந்தார்.