முட்டி போட்டுப் பேசும் அப்பா

பவானி ஆற்றங்கரையில் இருந்த அந்தச் சின்ன ஆசிரமத்துக்கு மன அமைதி கேட்டு வருவார்கள், பெண்ணுக்கு வரன் கேட்டு வருவார்கள். புத்தகத்தைப் பற்றிக் கேட்டு வந்தவன் நல்லசிவம் ஒருவன்தான்.

தோளில் ஒரு கனத்த பையோடு வந்தான். ஐந்து வயது மகள் இதழினியும் கூட வந்தாள். ஆனால் அவன் கையைப் பிடித்துக்கொள்ளவில்லை. பஸ்ஸை விட்டு இறங்கியதிலிருந்து நாலடி தள்ளியேதான் நடந்தாள். வழியெல்லாம் அவன் திரும்பித் திரும்பிப் பார்த்தான். ஒவ்வொரு முறை அவன் திரும்பியபோதும் அவள் நின்றாள்.

குரு வேப்பமரத்தடியில் உட்கார்ந்து புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். நல்லசிவத்தைவிட இரண்டு வயது சின்னவர். அதற்காக அவனுக்கு அவரிடம் மரியாதை குறைந்ததில்லை. அவருக்கும் அவனைக் கிண்டல் செய்யத் தயக்கம் இருந்ததில்லை.

"என்னங்க நல்லசிவம், கடை போடப் போறீங்களா?" என்றார் பையைப் பார்த்து.

அவன் சிரிக்கவில்லை. புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பாயில் பரப்பினான். எல்லாம் குழந்தையை அடிக்காமல், மிரட்டாமல், அன்பாக அணைத்து வளர்ப்பது பற்றியவை. ஒன்று டாக்டர் படிக்கச் சொன்னது. ஒன்று ஆபீஸ் நண்பர் கொடுத்தது. மிச்சமெல்லாம் யார் யாரோ நல்லது என்று சொல்ல, ஓடி ஓடி வாங்கியவை.

"இதுல எதை நம்பறதுங்க சாமி? நீங்க ஒண்ணு சொல்லுங்க. அதை மட்டும் புடிச்சுக்கறேன்."

"எல்லாத்தையும் படிச்சாச்சா?"

"கோடு போட்டுப் படிச்சேனுங்க."

"அப்புறம் என்ன?"

நல்லசிவம் குழந்தை இருந்த பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"போன வாரம் மறுபடியும் கை நீண்டிருச்சுங்க. இன்னொரு தடவை அடிச்சா, பாப்பாவைக் கூட்டிக்கிட்டுப் பொறந்த ஊட்டுக்குப் போயிருவேன்னு சம்சாரம் சொல்லிட்டா. அவ சொல்றது நாயந்தானுங்க. என் கையை நெனச்சா எனக்கே பயமா இருக்குது."

குரு ஒரு புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். கோடு போட்ட இடத்தில் நின்று நிதானமாகப் படித்தார்.

"நல்லாத்தானே எழுதியிருக்காங்க. இதுல சொன்ன மாதிரி பாப்பாவைக் கூப்பிடுங்க, பாக்கலாம்."

நல்லசிவம் எழுந்து போனான். மகளுக்கு முன்னால் முட்டி போட்டான். கண்ணுக்குக் கண் நேராக வைத்துக்கொண்டான். உதட்டில் ஒரு புன்னகையையும் வரவழைத்துக்கொண்டான்.

"பாப்பா, உனக்குச் சங்கடமா இருக்குன்னு அப்பாவுக்குப் புரியுது. உனக்கு எப்போ விருப்பமோ, அப்போ நீ என் பக்கத்துல வரலாம்."

புத்தகத்தில் ஒரு குறையும் இல்லை. அவன் ஒப்பித்ததிலும் ஒரு குறையும் இல்லை. இதழினி மட்டும் சட்டென்று மரத்துக்குப் பின்னால் போய்விட்டாள்.

"ஏங் கண்ணு ஓடற?" என்று குரு கேட்டார்.

மரத்துக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது.

"அப்பா முட்டி போட்டு மெதுவாப் பேசறாரு."

"பேசினா என்ன?"

"நான் கேக்கலைன்னா அப்புறம் அடிப்பாரு."

நல்லசிவத்துக்கு எழுந்திருக்கத் தோன்றவில்லை. பொய் சொல்லத் தெரியாத குழந்தை. ஒவ்வொரு முறையும் அவன் புத்தகம் சொன்னதைச் செய்துதான் பார்த்தான். அது பலிக்காத நாட்களில் கையை ஓங்கினான். அவளுக்கு இரண்டும் ஒரே காரியமாகப் போயிருந்தது.

அவன் மெல்ல எழுந்தான். அவன் எழுவதைப் பார்த்துப் பின்பக்கமாகவே நகர்ந்த இதழினியின் கால், பாயோரம் இருந்த மோர்ப்பானையில் இடித்தது. பானை சாய்ந்தது. மோர் முழுவதும் புத்தகங்கள் மேல் கொட்டியது.

"ஏய்!"

அவன் போட்ட சத்தத்தில் கூரைமேல் இருந்த காக்கை பறந்தது. கை தானாக மேலே போயிருந்தது. குரு புளியைப் போட்டுவிட்டுப் பாதி எழுந்துவிட்டார்.

இதழினி அழவில்லை, ஓடவும் இல்லை. கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, திரும்பி, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

ஓங்கிய கை அப்படியே நின்றது. கோடு போட்ட வரி ஒன்றுகூட அவன் நினைவுக்கு வரவில்லை. அந்தச் சின்ன முதுகையே பார்த்தான். மோர் ஓடிய தரையிலேயே தொப்பென்று உட்கார்ந்தான். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டான்.

"எனக்குப் பயமா இருக்குது பாப்பா," என்றான். கரகரத்த, வீட்டில் பேசுகிற சொந்தக் குரல். "உன்ன அடிச்சது தப்பு. நல்லாப் பேசற மாதிரி பேசிட்டு அடிச்சது அதைவிடத் தப்பு."

அவள் தலையை மட்டும் திருப்பிப் பார்த்தாள்.

"இப்ப அடிக்க மாட்டீங்களா?"

"மாட்டேன்."

"எந்திரிச்சாலும்?"

"எந்திரிச்சாலும் மாட்டேன்."

அவள் நம்பவில்லை. அது முகத்திலேயே தெரிந்தது. அவனைச் சுற்றிக்கொண்டு தூரமாகப் போய், குருவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டாள். அங்கிருந்து அப்பாவின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

குரு மறுபடியும் புளியை எடுத்தார். வெயில் ஏறியது. நல்லசிவம் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. புத்தகங்களை ஈ மொய்க்கத் தொடங்கியதைக்கூட அவன் கவனிக்கவில்லை.

"சாமி, இவ எப்பத்தானுங்க எங்கிட்ட வருவா?"

"தெரியாதுங்க."

"ஒரு வாரம்? ஒரு மாசம்? ஏதாச்சும் சொல்லுங்க சாமி. மனசு கெடந்து அடிச்சுக்குது. இப்படியே எத்தனை நாள்தான் நான் காத்துக்கிட்டு இருக்கறது?"

குரு கையிலிருந்த புளியைக் கீழே வைத்தார்.

"அடி எப்ப விழுமோன்னு அந்தப் புள்ள தெனமும் காத்துக்கிட்டுத்தான் இருந்துச்சு. எத்தனை நாள்னு உங்களக் கேட்டுச்சுங்களா?"